வாடகை வீடு: விதி எல்லோருக்கும் ஒன்றுதானா?



நம் குழுக்களில் ஒரு பழக்கம் உண்டு. கூட்டத்துக்குத் தாமதமாக வந்தால் ஐந்து ரூபாய் அபராதம். சந்தாவைத் தவணை தவறிக் கட்டினால் பத்து ரூபாய். ஆரம்பத்தில் எல்லோரும் உட்கார்ந்து பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதி, கையெழுத்தும் கைநாட்டும் வைத்த விதி அது.

அதே விதியை, ஊக்குநர் தாமதமாக வரும்போது கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டு, களை எடுத்துவிட்டு மூச்சு வாங்க ஓடி வரும் உறுப்பினரிடம் மட்டும் வசூல் செய்தால் என்ன ஆகும்? இரண்டு கூட்டம் பொறுத்துக்கொள்வார். மூன்றாவது கூட்டத்தில், "ஏக்கா, இந்த அஞ்சு ரூபா எனக்கு மட்டுந்தானா?" என்று கேட்பார். கேட்க முடியாதவர் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிடுவார். அவருக்கு வலிப்பது ஐந்து ரூபாய் அல்ல, ஓரவஞ்சனை.

இந்த இதழில் நாம் பார்க்கப் போவது வாடகை வீட்டு விதிகளைப் பற்றி. ஆனால் அங்கேயும் கதை இதேதான். அதனால்தான் நமக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்கினேன்.

"நாங்க கிராமத்துல சொந்தக் கூரையில இருக்கோம், எங்களுக்கு எதுக்கு வாடகைச் சட்டம்?" என்று சிலர் நினைக்கலாம். யோசித்துப் பாருங்கள். பிள்ளைகள் படிப்புக்காகப் பக்கத்து டவுனில் வீடு பிடித்திருப்பவர்கள் நம் குழுக்களில் உண்டு. மகள் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய் லைன் வீட்டில் தோழிகளோடு தங்கியிருக்கிறாள். இன்னொரு பக்கம், கடன் வாங்கி இரண்டு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் சகோதரிகளும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆகவே இந்தப் பாடம் இரண்டு தரப்புக்கும்.

ஒரு காம்பவுண்டில் நடந்தது

போன வருஷம் நம் பகுதியில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். சம்பந்தப்பட்ட இருவரிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம்.

நகராட்சி எல்லைக்குள் ஒரு காம்பவுண்ட். வரிசையாக ஐந்து வீடு, ஒரு தண்ணீர்க் குழாய், பொதுவில் குளியலறையும் கக்கூஸும். கடைசி வீட்டில் நம் குழுச் சகோதரி ஒருவர், பத்தாவது படிக்கும் மகளோடு குடியிருந்தார். கணவர் இல்லை. நூல் மில்லில் வேலை. வாடகை 2,500, அட்வான்ஸ் 10,000. எழுத்து எதுவும் கிடையாது. குடி வரும்போது வீட்டுக்கார அக்கா வாயால் சொன்ன விதிகள் நான்கு: ஐந்தாம் தேதிக்குள் வாடகை தர வேண்டும், ராத்திரி பத்து மணிக்குக் கேட் பூட்டு, காலையில் ஆறிலிருந்து ஏழு வரைதான் தண்ணீர், விருந்தாளி ராத்திரி தங்கக் கூடாது.

முதல் வீட்டில் மருமகன் மாதக் கணக்கில் தங்கியிருந்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது வீட்டில் வாடகை இருபதாம் தேதிக்கு மேல்தான் வரும். அதுவும் நடந்துகொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை, நம் சகோதரியின் அண்ணன் ஊரிலிருந்து அரிசி மூட்டை கொண்டு வந்தார். கடைசி பஸ் போய்விட்டதால் ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் வீட்டுக்கார அக்கா வாசலில் வந்து நின்றார். "விருந்தாளி தங்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா? மாசக் கடைசியில காலி பண்ணிடு."

அந்தச் சகோதரி என்னிடம் வந்தபோது நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கொஞ்சம் அனுசரிச்சுப் போங்கக்கா. போய் ஒரு மன்னிப்புக் கேட்டுடுங்க. வேற வீடு கிடைக்கிறது கஷ்டம்."

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அனுசரிக்கிறேன் மேடம். எதைன்னு சொல்லுங்க. அண்ணன் வந்துட்டுப் போனதையா, நான் மாத்திரை சாப்பிடுறதையா?"

அப்போதுதான் மீதிக் கதை வெளியே வந்தது. அவருக்குக் காசநோய். அரசு மருத்துவமனையில் மாத்திரை வாங்கி ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. இரண்டு வாரத்துக்கு முன்னால் மழை பெய்து சுவரில் ஓதம் இறங்கியிருக்கிறது. இவர் மில்லுக்குப் போயிருந்த நேரத்தில் வீட்டுக்கார அக்கா தன்னிடம் இருந்த மாற்றுச் சாவியால் திறந்து உள்ளே போயிருக்கிறார். அலமாரியில் மாத்திரை அட்டையைப் பார்த்திருக்கிறார். சாயங்காலத்துக்குள் காம்பவுண்ட் முழுக்கத் தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டுக் குழந்தைகள் வருவது நின்றது. குழாயடியில், "நீ கடைசியா பிடிச்சுக்க" என்றார்கள். மகள் பள்ளிக்கூடத்தில் தனியாக உட்கார ஆரம்பித்தாள்.

மாத்திரையை முறையாகச் சாப்பிடத் தொடங்கிய சில வாரங்களிலேயே காசநோய் மற்றவர்களுக்குப் பரவும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். இதை அந்தக் காம்பவுண்டில் யாரும் எடுத்துச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் விருந்தாளி விதி கைக்கு வசதியாகக் கிடைத்தது.

அனுசரித்துப் போகச் சொன்ன என் யோசனையை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

விதியா, சாக்கா?

வாடகை வீட்டுக்கு விதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஐந்து குடும்பம் ஒரு குழாயைப் பங்கிட்டுக்கொள்ளும் இடத்தில் விதி இல்லாவிட்டால் தினமும் சண்டைதான். ஆனால் ஒரு விதியை நம் மேல் பிரயோகிக்கும்போது நான்கு கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

1. இந்த விதி குடி வரும் முன்பே சொல்லப்பட்டதா? எழுத்தில் இருக்கிறதா?

2. ஐந்து வீட்டுக்கும் இதே விதிதானா? மற்றவர்கள் மீறியபோது என்ன நடந்தது?

3. இத்தனை நாள் இல்லாமல் இப்போது மட்டும் ஏன்? அதற்குச் சற்று முன்னால் வேறு ஏதாவது நடந்ததா?

4. காரணத்தை நாலு பேர் முன்னால் வெளிப்படையாகச் சொல்ல முடியுமா?

நான்காவது கேள்வி முக்கியம். மூன்றாவது வீட்டில் வாடகை தாமதமாக வாங்கியது ஏன் என்று கேட்டால், "அவ புருஷனுக்குக் கால் ஒடிஞ்சு கிடக்கு, அதனால பொறுத்துக்கிட்டேன்" என்று யார் முன்னாலும் சொல்லலாம். அது இரக்கம். தவறில்லை. கடைசி வீட்டைக் காலி செய்யச் சொன்னது ஏன் என்று கேட்டால், உண்மைக் காரணத்தைச் சொல்ல வாய் வராது. அங்கேதான் விதி சாக்காக மாறுகிறது.

இது எனக்கும் நடந்திருக்கிறது. இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒரு வீட்டின் மாடியில் தனியாகக் குடியிருந்தேன். நம் கூட்டமெல்லாம் வேலைக்குப் போனவர்கள் திரும்பி, சமையல் முடித்த பிறகுதானே நடக்கும்? திரும்ப ஒன்பதரை ஆகிவிடும். "பொம்பளப் புள்ள இந்நேரம் வரை எங்க சுத்திட்டு வர்ற?" என்று தினமும் கேள்வி. எதிர் வீட்டில் குடியிருந்த தம்பிகள் பதினொரு மணிக்கு மேல்தான் வருவார்கள். அவர்களை யாரும் கேட்டதில்லை. இருவருக்கும் ஒரே கேட், ஒரே பூட்டு. தனியாக இருக்கும் பெண், கணவரை இழந்தவர், புதிதாக ஊருக்கு வந்தவர், நோயாளி, வேறு சாதி, வேறு மதம் என்று யாருக்குப் பின்னால் ஆள் இல்லையோ, அவர்கள் தலையில்தான் விதி முதலில் விழுகிறது.

ஒரு விஷயத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். "மற்றவர்களை விட்டுவிட்டு என்னை மட்டும் கேட்கிறார்" என்று சொன்னால் மட்டும் வழக்கு ஜெயித்துவிடாது. உண்மையிலேயே வாடகை பாக்கி வைத்திருந்தால் அந்தப் பாக்கி பாக்கிதான். ஆனால் காலி செய்யச் சொல்வதன் உண்மைக் காரணம் எது என்று காட்டுவதற்கு, மற்றவர்களை விட்ட விவரம் நமக்குப் பயன்படும். அதனால் தேதி போட்டு எழுதி வைக்க வேண்டும். என்று, யார், என்ன சொன்னார், அப்போது யார் கூட இருந்தார் என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினால் போதும். குழு நோட்டு எழுதும் நமக்கு இது புதிதல்ல.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. அதற்குப் பதிலாக 2017-இல் புதிய சட்டம் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவருடைய உரிமைகளையும் பொறுப்புகளையும் பற்றிய சட்டம் அது. மாநகராட்சி, நகராட்சி போன்ற நகர்ப்புறப் பகுதிகளுக்கானது. அதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை:

* வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி இந்தப் பொறுப்பில் இருப்பார். ஒப்பந்தத்தின் அசல் ஒன்று நம் கையில் இருக்க வேண்டும்.

* வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால், அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நாம் தர வேண்டிய பாக்கி போக மீதியைத் திருப்பித் தர வேண்டும்.

* வாடகை கொடுத்தால் கையெழுத்திட்ட ரசீது கேட்பது நம் உரிமை. வங்கி வழியாக அனுப்பினால் அந்தப் பதிவே சாட்சி.

* வாடகையை வாங்க மறுத்தால் வாடகை அதிகாரியிடம் கட்டலாம். "வாங்க மாட்டேன்னு சொல்லிட்டாங்க" என்று சும்மா இருந்துவிட்டால், நாளைக்கு அதுவே பாக்கியாக நம் மேல் திரும்பும்.

* கோபத்தில் தண்ணீர் மோட்டாரை நிறுத்துவது, கரண்டைப் பிடுங்குவது கூடாது. அடிப்படை வசதிகளை நிறுத்தி வைப்பதைச் சட்டம் தடை செய்கிறது. வாடகை அதிகாரியிடம் புகார் கொடுக்கலாம்.

* வாடகைதாரர் தானாகக் காலி செய்ய மறுத்தால், வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு பெற்றுத்தான் வெளியேற்ற முடியும். அதற்குச் சட்டத்தில் சொன்ன காரணங்களில் ஒன்று இருக்க வேண்டும். வாடகை பாக்கி, எழுத்துச் சம்மதம் இல்லாமல் வீட்டையோ அதன் ஒரு பகுதியையோ மற்றவருக்கு விட்டுவிடுவது, வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவது போன்றவை அவை. அண்ணன் ஒரு ராத்திரி தங்கியது உள்வாடகை ஆகாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. எழுத்து ஒப்பந்தம் செய்யாமல் இருப்பதும் காலி செய்யச் சொல்வதற்கான காரணங்களில் ஒன்றாக இந்தச் சட்டத்தில் இருக்கிறது. "பேப்பர் இல்லாட்டி நல்லது, யாரும் ஒண்ணும் பண்ண முடியாது" என்று நம்மில் சிலர் நினைக்கிறோம். அது தவறு. பேப்பர் இல்லாவிட்டால் முதலில் பலவீனமாவது குடியிருப்பவர்தான்.

கிராமங்களில் உள்ள வீடுகளுக்கு? அங்கே 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இருக்கிறது. எழுத்து ஒப்பந்தம் இல்லாத குடியிருப்பை மாத வாடகைக் குடியிருப்பாக அது கருதுகிறது. காலி செய்யச் சொல்ல 15 நாள் எழுத்து அறிவிப்புக் கொடுக்க வேண்டும். வாடகையும் கட்டி, ஒத்துக்கொண்டபடி நடந்தும் வந்தால், அந்தக் காலம் முழுவதும் இடையூறு இல்லாமல் குடியிருக்கும் உரிமையும் அதில் உண்டு.

மொத்தமாக ஒரு தொகை கொடுத்து, வாடகை இல்லாமல் குடியிருந்து, போகும்போது தொகையைத் திரும்ப வாங்கும் முறையை நம் பக்கம் ஒத்தி என்கிறோம், டவுனில் லீசு என்கிறார்கள். நகையை அடகு வைத்துக்கூடச் சிலர் இதற்குப் பணம் புரட்டுகிறார்கள். வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டு லட்சக் கணக்கில் கொடுக்காதீர்கள். வீடு யார் பெயரில் இருக்கிறது, அதன் மேல் வங்கிக் கடன் உண்டா என்று பார்த்துவிட்டு, முறையாகப் பதிவு செய்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.

சாவி இருந்தால் உள்ளே போகலாமா?

நாங்கள் பேசப் போனபோது வீட்டுக்கார அக்கா கேட்ட முதல் கேள்வியே இதுதான்: "என் வீடு, என் சாவி. நான் போகக் கூடாதா?"

நியாயமான சந்தேகம்தான். பதிலும் நேரானது. சுவரும் கூரையும் உங்களுடையது. ஆனால் வாடகை வாங்கிக்கொண்டிருக்கும் வரை அந்த வாசலுக்குள் இருக்கும் வாழ்க்கை குடியிருப்பவருடையது.

மேலே சொன்ன 2017 சட்டப்படி, பழுது பார்க்கவோ, வீட்டின் நிலையைப் பார்க்கவோ உரிமையாளர் உள்ளே வர வேண்டுமென்றால் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும். எதற்காக, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு என்று அதில் இருக்க வேண்டும். அந்த நேரமும் காலை 7 மணியிலிருந்து இரவு 8 மணிக்குள் இருக்க வேண்டும். தீ, வெள்ளம் போன்ற அவசரம் என்றால் இந்த அறிவிப்புத் தேவையில்லை. சுவரில் ஓதம் இறங்கியது அப்படிப்பட்ட அவசரம் அல்ல. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்தச் சகோதரி இருக்கும்போதே போய்ப் பார்த்திருக்கலாம்.

அந்தரங்கம் என்பது படித்தவர்களும் பணக்காரர்களும் பேசும் பேச்சு இல்லை. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து, அந்தரங்கம் அரசியல் சட்டம் தரும் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். அரசாங்கத்துக்கே வரம்பு போட்ட உரிமை அது. பத்துக்குப் பத்து அறையில் இருக்கும் பெண்ணுக்கும் அது உண்டு.

உரிமையாளர் கேட்கக்கூடியவை: பெயர், சொந்த ஊர் முகவரி, எத்தனை பேர் தங்குவார்கள், என்ன வேலை, போன் நம்பர், ஓர் அடையாள அட்டை நகல். யாருக்கு வீடு கொடுக்கிறோம் என்று தெரிந்துகொள்வது அவருடைய பாதுகாப்புக்கும் தேவை. ஆதார் நகல் கொடுக்கும்போது, அதன் மேலேயே "வீட்டு வாடகைக்காக மட்டும்" என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற ஆதாரையும் பதிவிறக்கம் செய்து கொடுக்கலாம்.

அவருக்குத் தேவையில்லாதவை: என்ன சாதி, என்ன நோய், புருஷன் ஏன் கூட இல்லை, குழந்தை ஏன் இல்லை, குழுவில் எவ்வளவு கடன், பாஸ்புக்கில் எவ்வளவு இருப்பு. சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் எதுக்குக்கா, வாடகை அஞ்சாந்தேதி வந்துடும்" என்று சொல்லிப் பழகுங்கள்.

மேலும் மூன்று விஷயங்கள் தெரிந்திருக்கட்டும். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு அந்தக் காரணத்துக்காக வீடு மறுப்பதையும் காலி செய்ய வைப்பதையும் 2017-இல் இயற்றிய தனிச் சட்டம் தடை செய்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினரை அவர்கள் குடியிருக்கும் வீட்டைவிட்டுப் போகும்படி மற்றவர்கள் கட்டாயப்படுத்துவது 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். பொதுக் கேட்டைப் பார்த்து கேமரா வைக்கலாம். ஆனால் பெண்கள் குளிக்கும் இடத்தையோ உடை மாற்றும் இடத்தையோ பார்ப்பதும் படம் பிடிப்பதும் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவுப்படி குற்றம். முதல் தடவையே ஓராண்டுக்குக் குறையாமல், மூன்றாண்டு வரை சிறை.

வாடகைக்கு விட்டிருக்கும் சகோதரிகளுக்கு

உங்கள் பக்கமும் கஷ்டம் உண்டு. அந்த வீட்டுக்கார அக்காவும் நம் கூட்டமைப்பைச் சேர்ந்த இன்னொரு குழுவின் உறுப்பினர்தான். கடன் வாங்கிக் கட்டிய வீடு. முன்பு குடியிருந்த ஒருவர் மூன்று மாத வாடகையும் கரண்டு பில்லும் பாக்கி வைத்துவிட்டு ராத்திரியோடு ராத்திரியாகப் போய்விட்டார். சூடு பட்ட பூனை அவர். பயத்தில் சாவியையும் விதியையும் இறுக்கிப் பிடித்தார். அந்தப் பயத்துக்கு மருந்து எழுத்துதான்.

* விதிகளை ஒரு தாளில் எழுதி எல்லா வீட்டுக்கும் கொடுங்கள். கேட் பக்கத்திலும் ஒட்டுங்கள். சொந்தக்காரர் குடியிருக்கும் போர்ஷனுக்கும் அதே விதிதான்.

* ஒருவருக்குத் தளர்வு கொடுத்தால் காரணத்தைக் குறித்து வையுங்கள். நாளை அதே கஷ்டத்தோடு இன்னொருவர் வந்தால் அவருக்கும் கொடுங்கள்.

* மாற்றுச் சாவியைக் கவரில் போட்டு ஒட்டி, குடியிருப்பவரின் கையெழுத்தை மேலே வாங்கி வையுங்கள். கவர் கிழிந்தால் இருவருக்கும் தெரியும்.

* கரண்டு ரீடிங்கை இருவரும் சேர்ந்து பார்த்து எழுதுங்கள்.

* உள்ளே போனபோது கண்ணில் பட்டதை வெளியே பேசாதீர்கள். நம் குழுவில் ஒருவருடைய கடன் நிலவரத்தைத் தெருவில் பேசினால் ஏற்றுக்கொள்வோமா?

பிரச்சினை வந்தால் என்ன செய்வது?

முதலில், வாடகையை நிறுத்தாதீர்கள். "அவங்க செஞ்சதுக்கு வாடகை தர மாட்டேன்" என்று கோபத்தில் நிறுத்தினால் நியாயம் அவர்கள் பக்கம் போய்விடும்.

இரண்டாவது, தனியாகப் போய்ப் பேசாதீர்கள். குழுவிலிருந்து இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். சண்டைக்கு அல்ல, சாட்சிக்கு.

மூன்றாவது, பேசியதை ஒரு கடிதமாக எழுதிக் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

நான்காவது, வட்டச் சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள். நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். 1987-ஆம் ஆண்டின் சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம். போனில் கேட்க 15100. பயமுறுத்தல், தொந்தரவு என்றால் மகளிர் உதவி எண் 181. பூட்டை உடைத்துச் சாமானை வெளியே எறிந்தால் தாமதிக்காமல் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.

அந்தச் சகோதரிக்கு என்ன ஆயிற்று?

ஊக்குநரும் நானும் மூன்று தடவை போனோம். முதல் தடவை கதவுகூடத் திறக்கவில்லை. இரண்டாவது தடவை, "என் வீட்டு விஷயத்துல நீங்க யாரு?" என்றார் வீட்டுக்கார அக்கா. மூன்றாவது தடவை, ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் அக்காவையும் அழைத்துப் போனோம். நோயைப் பற்றி அவர் எல்லோருக்கும் புரியும்படி சொன்னார். கடைசியில் அந்தச் சகோதரியே பேசினார். "அக்கா, உங்களுக்குப் பயம்னா எங்கிட்ட கேட்டிருக்கலாம். நானே டாக்டர் சீட்டைக் காட்டியிருப்பேன். நான் இல்லாதப்ப பார்த்தீங்களே, அதுதான் எனக்குத் தாங்கல." வீட்டுக்கார அக்கா பதில் சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகு காலி செய்யச் சொல்லவில்லை.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். மகளின் பரீட்சை முடியும் வரை அங்கே இருந்துவிட்டு, அந்தச் சகோதரி தானாகவே வேறு வீட்டுக்குப் போனார். "இருக்கலாம் மேடம். ஆனா வேலைக்குப் போனா, இப்ப யாரு உள்ள இருக்காங்களோன்னே நெனப்பா இருக்கு" என்றார். அட்வான்ஸ் முழுவதும் திரும்பக் கிடைத்தது. ஆறு மாதச் சிகிச்சை முடிந்து குணமாகிவிட்டார். புது வீட்டில் ஒப்பந்தம் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, பதிவும் செய்துவிட்டார்.

பழைய காம்பவுண்டில் இப்போது ஐந்து வீட்டுக்கும் ஒரே தாள் ஒட்டியிருக்கிறது. விருந்தாளி மூன்று ராத்திரி வரை தங்கலாம், அதற்கு மேல் சொல்லிவிட வேண்டும் என்று அதில் இருக்கிறது. முதல் வீட்டு மருமகன் தனியாக வீடு பார்த்துப் போய்விட்டாராம்.

குழுக் கூட்டத்தில் கலந்து பேச

1. நம் குழுவில் யார் யார், அல்லது யாருடைய பிள்ளைகள், வாடகை வீட்டில் இருக்கிறார்கள்? அவர்களிடம் எழுத்து ஒப்பந்தமும் ரசீதும் இருக்கிறதா?

2. நாம் வாடகைக்கு விட்ட வீட்டில், ஒருவருக்கு மட்டும் பிரயோகிக்கும் விதி ஏதாவது இருக்கிறதா?

3. ஒருவருடைய நோயையோ குடும்பப் பிரச்சினையையோ கேள்விப்பட்டால் நாம் எத்தனை பேரிடம் சொல்கிறோம்?

4. நம் குழுவின் அபராத விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கிறதா?

நான்காவது கேள்வியை முதலில் பேசுங்கள். சொந்தக் குழுவில் நேராக இருந்தால்தான் வெளியே போய் நியாயம் கேட்கும்போது குரல் எழும்பும். பேசி முடித்ததைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத மறந்துவிடாதீர்கள். அடுத்த மாதம் உங்கள் ஊருக்கு வரும்போது வாங்கிப் படித்துப் பார்ப்பேன்.

அன்புடன்,
உங்கள் கள ஒருங்கிணைப்பாளர்